நிர்ப்பீடனமும் கூட்டாய்வும்: தூது ஆர்.என்.ஏ தடுப்பூசி உருவான விதம்



நிர்ப்பீடனம் என்னும் அலகில் வெண்குருதிக் கலங்கள், பிறபொருளெதிரி, தடுப்பூசி ஆகியவற்றைக் கற்றிருப்பீர்கள். வரைவிலக்கணங்களை மனனஞ் செய்தால் சில புள்ளிகளைப் பெறலாம். ஆனால் "காரணம் தருக", "விளக்குக" என வினா அமையும்போது மனனம் மட்டும் கைகொடுக்காது. எனவே உண்மையாக நடைபெற்ற ஓர் ஆய்வின் ஊடாக இவ்விடயங்களை விளங்கிக்கொள்வோம்.

1. அடிப்படை எண்ணம்

புரதங்களைத் தயாரிப்பதற்கான தகவல் கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ.யில் உள்ளது. அத்தகவலைக் கருவுக்கு வெளியே கொண்டு செல்வது தூது ஆர்.என்.ஏ ஆகும். அப்படியாயின், ஆய்வுகூடத்தில் தயாரித்த தூது ஆர்.என்.ஏ.யை உடலினுள் செலுத்தி, வேண்டிய புரதத்தை உடலைக் கொண்டே தயாரிக்க முடியாதா? இதுவே ஆய்வாளர் சிலரின் எண்ணமாக இருந்தது.

2. இரு துறையினர் சந்தித்தல்

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கட்டலின் கரிக்கோ, ஹங்கேரியில் பிறந்த உயிர் இரசாயனவியலாளர். தூது ஆர்.என்.ஏ.யைத் தயாரிப்பதில் வல்லவர். ஆயினும் இவரது ஆய்வுக்குப் போதிய நிதி கிடைக்கவில்லை. 1995இல் பதவியும் தாழ்த்தப்பட்டது. 1997இல் அங்கு வந்து சேர்ந்த ட்ரூ வைஸ்மன் நிர்ப்பீடனவியலாளர். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி காண்பது இவரது நோக்கம். வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இருவரும் போட்டோப்பிரதி இயந்திரத்தின் அருகே சந்தித்து உரையாடியதிலிருந்தே கூட்டாய்வு தொடங்கியது.

3. எதிர்ப்பட்ட தடை

கரிக்கோ தயாரித்த தூது ஆர்.என்.ஏ.யை வைஸ்மன் நிர்ப்பீடனக் கலங்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அக்கலங்கள் அதனை அந்நியப் பொருளாகக் கருதி, அழற்சியை உண்டாக்கும் பதார்த்தங்களைச் சுரந்தன. ஆனால் பாலூட்டிகளின் கலங்களிலிருந்து பெற்ற ஆர்.என்.ஏ அவ்வாறான தாக்கத்தை ஏற்படுத்தவில்லை. இரண்டும் ஆர்.என்.ஏ.தான், வேறுபாடு எங்கே?

இங்குதான் இருவரின் அறிவும் ஒன்றையொன்று நிரப்பியது. கலம் எதனை எதிர்க்கிறது என்பதை அளந்து காட்ட நிர்ப்பீடனவியலாளர் வேண்டும். மூலக்கூறில் எதனை மாற்றலாம் என்பதை அறிய உயிர் இரசாயனவியலாளர் வேண்டும். இயற்கையான ஆர்.என்.ஏ.யின் கூறுகள் பல இரசாயன மாற்றத்துக்கு உட்பட்டவை, ஆய்வுகூட ஆர்.என்.ஏ.யில் அம்மாற்றங்கள் இல்லை. எனவே யூரிடின் என்னும் கூறுக்குப் பதிலாகச் சூடோயூரிடினைச் சேர்த்தனர். அழற்சித் தாக்கம் பெருமளவு அடங்கியது. இம்முடிவு 2005இல் வெளியாயிற்று. இத்தகைய மாற்றத்தால் புரத உற்பத்தியும் அதிகரிக்கிறது என்பது பின்னைய ஆய்வுகளில் தெரியவந்தது.

4. பயன்

2020 இறுதியில் அனுமதி பெற்ற பைசர், மொடேர்னா கோவிட்-19 தடுப்பூசிகளில் சூடோயூரிடினின் ஒரு மாற்றுருவம் பயன்படுத்தப்பட்டது. 2021இல் இவை இலங்கையிலும் ஏற்றப்பட்டன. 2023இல் கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சாதாரண தரத்தின் பின் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு துறையைத் தெரிவு செய்வீர்கள். தெரிவு செய்த துறையை ஆழமாகக் கற்பது அவசியம். ஆனால் பிற துறையினரிடம் வினவத் தயங்காதீர்கள். உங்கள் வினாவுக்குரிய விடை அடுத்த துறையில் இருக்கக்கூடும்.

பரீட்சைக்குரிய வினாக்கள்

வினா 1: தூது ஆர்.என்.ஏ தடுப்பூசியால் கிடைப்பது எவ்வகை நிர்ப்பீடனம்? காரணம் தருக.
விடை: செயற்கையாகப் பெற்ற உயிர்ப்பான நிர்ப்பீடனம். வைரசின் புரதமொன்றை உடற்கலங்கள் தயாரிக்க, அதற்கெதிராக உடலே பிறபொருளெதிரிகளை உருவாக்குவதால்.

வினா 2: இத்தடுப்பூசி நமது பரம்பரையலகுகளை மாற்றுமா?
விடை: மாற்றாது. தூது ஆர்.என்.ஏ கருவினுள் செல்வதில்லை; புரதம் தயாரிக்கப்பட்டபின் சிதைவடைந்துவிடும்.

வினா 3: ஆய்வுகூடத்தில் தயாரித்த ஆர்.என்.ஏ அழற்சியை ஏற்படுத்தியது ஏன்?
விடை: இயற்கையான ஆர்.என்.ஏ.யிலுள்ள இரசாயன மாற்றங்கள் அதில் இல்லாமையால், நிர்ப்பீடனக் கலங்கள் அதனை அந்நியப் பொருளாக இனங்கண்டன.

கவனிக்க: வினா 1இல் வகையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். காரணத்துக்கும் புள்ளி உண்டு.