உப்புக் காற்றில் கனத்த சுமை: வடசென்னைக்கேற்ற முதுகுப்பையைத் தேர்வது எப்படி?

இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக அத்திப்பட்டு வரை நீளும் கடலோரத்தில், கனத்த சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு வெட்டவெளியில் நடப்போர் பல வகையினர். ஆலைக் கோபுரங்களிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளிலும் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் பணியாளர், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகச் சேற்றில் அளவைக் கருவிகளோடு இறங்கும் கள ஆய்வாளர், வெள்ளக் காலத்தில் அரிசியும் குடிநீரும் சுமந்து தெருத்தெருவாகச் செல்லும் தன்னார்வலர், விடுமுறை நாளில் வடக்கு நோக்கி ரயிலேறித் தடாவில் இறங்கி உப்பலமடுகு அருவிக் காட்டுக்குள் நடக்கும் மலையேற்றக் குழுவினர் ஆகிய அனைவருக்கும் கடைக்காரர் முதலில் எடுத்துச் சொல்வது பையின் லிட்டர் கணக்கைத்தான். லிட்டர் என்பது பையின் உட்புறக் கொள்ளளவு. எவ்வளவு பொருள் உள்ளே நுழையும் என்பதை அது தெரிவிக்குமே தவிர, எவ்வளவு எடையைப் பை தாங்கும் என்பதையோ, அந்த எடை உடம்பின் எந்த எலும்பில் போய் இறங்கும் என்பதையோ தெரிவிக்காது. எஃகு ஒரு லிட்டர் இடத்துக்கு ஏறத்தாழ 7.8 கிலோ எடையுள்ளது. எனவே 5 லிட்டர் இடத்தை மட்டும் அடைக்கும் எஃகுத் துண்டுகளே 39 கிலோவைத் தொட்டுவிடும். 60 லிட்டர் பை முழுக்கத் துணிமணியும் படுக்கையும் திணித்தாலும் அந்த எடையை எட்டுவது அரிது. ஆகவே இப்பகுதியில் பை வாங்குவோர் சுமை இறங்கும் இடத்தை முதலாவதாகவும், உப்பும் ஈரமும் கலந்த காற்றில் துணி நிலைக்கும் காலத்தை இரண்டாவதாகவும், கொள்ளளவைக் கடைசியாகவும் ஆராய்வதே முறை.

சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தலைமுறைகள் எடையைத் தலையிலும் பிடரியிலும் ஏற்றின. துணியைச் சுருட்டி வளையமாக்கிய சும்மாடு மூட்டைக்கும் மண்டைக்கும் இடையே மெத்தையாக நின்று, எடையை முதுகெலும்பின் வழியே நேர்கீழாக இறக்கியது. இம்முறையின் திறமையை அறிவியலும் ஒப்புக்கொண்டிருக்கிறது: கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமக்கும்போது அவர்களது உடல் கூடுதல் ஆற்றலைச் செலவிடுவதில்லை என்று 1986இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அதற்கு இளமை முதலே பழகிய கழுத்தும் நடையும் வேண்டும். ஏணியில் ஏறுவோருக்கும் வெள்ளநீரில் கோல் ஊன்றி நடப்போருக்கும் அது உதவாது. ஒருவர் தனியே சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்பட்டிருக்கும் இடங்களில் அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வயதுவந்த ஆண்களுக்காகப் பரிந்துரைத்தது. சிறிது தூரம் தூக்கி வைக்கும் மூட்டைக்கே அது உச்ச வரம்பு என்னும்போது, மணிக்கணக்கில் நடப்பதற்கு உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பதே நலம். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 15 கிலோ.

நல்ல முதுகுப்பை சாதிப்பது, இந்தச் சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து விடுவித்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமர்த்துவதே. அதற்குச் சட்டகம் வேண்டும். அதாவது பையின் எடையை மேலிருந்து கீழாக இடுப்புவாருக்குக் கொண்டுசேர்க்கும் விறைப்பான அலுமினியக் கம்பியோ பலகையோ வேண்டும். சட்டகம் இல்லாத பையில் இடுப்புவார் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது வயிற்றை இறுக்கும் கச்சாக மட்டுமே பயன்படும். கடையில் இதைச் சோதிப்பது எளிது. பத்துப் பத்துக் கிலோவாக இரண்டு அரிசிப் பைகளை உள்ளே வைத்து, இடுப்புவாரை எலும்பின் மேல் இறுக்கிக் கட்டி, தோள்வாரைத் தளர்த்த வேண்டும். அப்போது தோளுக்கும் வாருக்கும் நடுவே விரல்கள் எளிதாக நுழைந்து, பையும் பின்னோக்கிச் சரியாமல் நின்றால் சட்டகம் வேலை செய்கிறது என்று பொருள். தலை குனியும்போது பிடரியில் புடைக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை உள்ள நீளமே முதுகு நீளம் எனப்படுவது. உயரமானவருக்கு முதுகு குட்டையாகவும் குள்ளமானவருக்கு நீளமாகவும் அமைவதுண்டு என்பதால், உயரத்தைக் கேட்டுப் பை எடுத்துக் கொடுக்கும் விற்பனையாளரை நம்பாமல் நாடாவால் அளந்து பார்ப்பது தகும்.

சட்டகப் பைகளில் இரு வகை உண்டு. பைக்கு வெளியே ஏணிபோல் நிற்கும் அலுமினியக் கூட்டில் பையைக் கட்டுவது புறச்சட்டகம். அமெரிக்காவில் டிக் கெல்டி 1952 முதல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கம்பிகளைப் பையின் முதுகுப்புறத் துணிக்குள்ளேயே செருகுவது உட்சட்டகம். அது 1967இல் கிரெக் லோவின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது. மலையேறுவோர் உலகில் உட்சட்டகமே இன்று ஏறத்தாழ முழுமையாக வென்றுவிட்டது. வடசென்னையின் தேவைக்கு அந்த வெற்றியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. புறச்சட்டகத்திலிருந்து பையைக் கழற்றிவிட்டு 20 லிட்டர் தண்ணீர் கேனையோ, அரிசி மூட்டையையோ, நடக்க இயலாதவரின் மடக்கு நாற்காலியையோ கயிற்றால் கட்டிக்கொள்ளலாம். முதுகுக்கும் சுமைக்கும் இடையே காற்றோடும் இடைவெளி இருப்பதால் மே மாத வெயிலில் முதுகு வெந்து போகாது. வெள்ள நிவாரணத்துக்கு இதற்கு இணையானது வேறில்லை. ஆனால் ஆலைக் கோபுரங்களில் கம்பி வளையங்கள் சூழ அமைந்த கூண்டு ஏணியில் ஏறும்போது புறச்சட்டகத்தின் முனை வளையத்தில் மாட்டி ஆளைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே அது ஆபத்து. உட்சட்டகப் பை உடலோடு ஒட்டி நிற்பதால் பாறையிலும் மரவேர்ப் பாதையிலும் தடுமாற்றம் குறைவு. அதற்கு விலையாக முதுகு வியர்வையில் நனைந்தே இருக்கும்.

சட்டகமற்ற மூன்றாம் வகை, தார்ப்பாலின் எனப்படும் பிவிசி பூசிய துணியை வெப்பத்தால் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை. படகில் செல்வோருக்கும் முகத்துவாரத்தில் இறங்குவோருக்கும் இதுவே துணை. கயிற்றுப் பணியாளரின் கயிற்றுப்பையும் பெரும்பாலும் இவ்வகைத் துணியால் ஆனதே. 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள 50 மீட்டர் கயிறு மட்டும் 4 கிலோ அளவுக்கு வரும் என்பதால், இடுப்புப் பட்டைக் கவசமும் கொக்கிகளும் சேர்ந்தால் 12 கிலோ எளிதில் நிரம்பிவிடும். சட்டகமில்லாத பையில் அதற்கு மேல் ஏற்றுவது தோளுக்குச் செய்யும் தீங்கு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிய பின் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மனிதர்கள் வாளிகளால் அள்ளியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் படகேறி அதை எடுத்ததும் இப்பகுதி மறக்கக்கூடாத வேதனைகள். அத்தகைய இடத்துக்கு நெய்த துணிப்பையைக் கொண்டுபோனால் எண்ணெய் நூலுக்குள் ஊறி அது மீண்டும் துப்புரவாகாது. தார்ப்பாலின் பையையோ துடைத்தெடுக்கலாம். எண்ணெய் நெடுநேரம் படிந்திருந்தால் பிவிசியை நெகிழ வைக்கும் பொருள் கரைந்து வெளியேறி அதுவும் விறைத்து வெடிக்கும் என்பதால், அன்றைக்கே சோப்பு நீரில் கழுவியாக வேண்டும்.

துணி நூலின் தடிமனைக் குறிக்க டெனியர் என்னும் அளவு வழங்குகிறது. 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். தரையில் உரசும் அடிப்பாகத்துக்கு 1000 டெனியரும் பக்கங்களுக்கு 420 முதல் 500 வரையும் போதும். எண்ணைவிட நூலின் இனமே இங்கு முக்கியம். நைலான் உராய்வைத் தாங்குவதில் பாலியஸ்டரை மிஞ்சும். ஆனால் வெயிலில் விரைவாக வலுவிழக்கும், அமிலம் பட்டால் அரித்துப்போகும். பாலியஸ்டர் வெயிலையும் அமிலத்தையும் நன்கு பொறுத்துக்கொள்ளும், கடுங்காரத்துக்கு மட்டும் பணியும். எனவே உர ஆலை, வேதி ஆலை, பேட்டரிக் கிடங்கு ஆகியவற்றுக்குள் நுழைவோர் பாலியஸ்டரையும், பாறைக்காட்டுக்குச் செல்வோர் நைலானையும் நாடலாம். வெல்டிங் பொறி பறக்கும் கப்பல் பழுதுபார்க்கும் இடங்களிலும் உருக்குப் பட்டறைகளிலும் இவ்விரண்டும் உருகி ஓட்டை விழும்; அங்கே பழைய பருத்திக் கித்தான் பைதான் கருகுவதோடு நின்று தாங்கும். மழையில் நனைந்தால் கித்தான் கனத்துப் பூஞ்சை பிடிக்கும் என்ற குறையை அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்பகுதியில் பைகள் பெரும்பாலும் சாவது கிழிசலால் அன்று, உட்பூச்சு அழுகுவதால். செயற்கைத் துணியின் உட்புறத்தில் நீர் புகாதிருக்கப் பூசப்படும் பாலியூரித்தேன், ஈரக்காற்றின் நீரை உறிஞ்சி மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, பின் பொருக்காக உதிரும். விலை குறைந்த பழைய இருப்பை வாங்கும்போது உட்புறத்தை இரு விரல்களுக்கு நடுவே மடித்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பசைபோல் ஒட்டினாலோ புளித்த வாடை வீசினாலோ எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்கலாகாது. ஈரம் காயாத பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரணில் போடுவது இச்சிதைவை விரைவுபடுத்தும்.

ஜிப்பில் உலோகப் பல் கூடாது. கடலுப்பு அதைப் பூக்கச்செய்து இறுக்கிவிடும். பெரிய பிளாஸ்டிக் பற்களும், ஒவ்வொரு கடற்கரைப் பயணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீர் அலசலும் போதுமானவை. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் சதுரத்துக்குள் பெருக்கல் குறியாக ஓடும் தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தார்ப்பாய் தைக்கும் கனரகத் தையல் எந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். புதுப்பை வாங்குவதைவிட இது மிகச் சிக்கனம்.

ஒரே ஒரு பைதான் வாங்க முடியும் என்பவர், முதுகு நீளத்துக்குப் பொருந்தும் 55 முதல் 65 லிட்டர் வரையிலான உட்சட்டகப் பையை எடுத்து, அதன் நீர்த்தடுப்பை நம்பாமல் உள்ளே சுருட்டி மூடும் நீர்புகா உறை ஒன்றை வைத்துக்கொள்வது சரியான முடிவு; உட்பூச்சு சில ஆண்டுகளில் அழிந்தாலும் உறையை மட்டும் மாற்றினால் பை தொடர்ந்து உழைக்கும். புறச்சட்டகத்தைத் தனியாள் வாங்குவதைவிட, குப்பத்து மன்றங்களும் நிவாரணக் குழுக்களும் நான்கைந்தை வாங்கிப் பொதுவில் வைப்பதே பொருத்தம். காற்றோட்டமான சுவரில் தொங்கவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பர் மாதத்திலேயே வார்களையும் பக்கிள்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, பழுதானவற்றை மாற்றி வைத்தால், தெருவில் தண்ணீர் ஏறும் இரவில் கயிறு தேடி ஓட வேண்டியிராது.