பூஜ்ஜியத்தை வீணாக்காதே

அன்புள்ள தாயி,

கண்மாய் நீர்மட்டக் கருவிக்காக நீ எழுதிய டீகோடரைப் பிரின்ட் எடுத்து, பென்சிலும் கையுமாக முழுக்கப் படித்தேன். லோரா ரேடியோ, சோலார் தகடு, பேட்டரிக் கணக்கெல்லாம் உனக்கு அத்துப்படி. அதில் நான் வாய் திறக்கப்போவதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டிய இடம் இரண்டு. அதை மட்டும் சொல்கிறேன். இடையில் பழங்கதை வரும், பொறுத்துக்கொள்.

முதல் எரிச்சல், அந்த ஸ்ட்ரக்ட். ரேடியோவில் வந்த பைட் வரிசையின் முகவரியை எடுத்து, அதன்மேல் ஒரு ஸ்ட்ரக்ட்டைப் போர்த்தி, ஒரே வரியில் வேலையை முடித்துவிட்டாய். கருவி எண் 1 பைட், அடுத்து நேரம் 4 பைட். நடுவில் கம்பைலர் 3 பைட் இடம் விடும் என்று தெரிந்து, ‘பேக்டு’ போட்டு அதையும் அடைத்திருக்கிறாய். அதுவரை சரி. அடுத்த பக்கத்திலேயே, உள்ளே இருக்கும் நேரத்தின் முகவரியை எடுத்து இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்திருக்கிறாயே, அங்கேதான் பென்சில் முனை ஒடிந்தது. பேக்டு என்ற சேதி முகவரியோடு கூடப் போகாது. வாங்குகிற ஃபங்ஷன் அதை 4-ஆல் வகுபடும் முகவரி என்றே நம்பும். உன் மேசையில் இருக்கும் கார்டெக்ஸ்-எம்4 பெரும்பாலும் தாராள மனதோடு படித்துக் கொடுத்துவிடும். செலவைக் குறைக்க அடுத்து வாங்கப்போவதாகச் சொன்னாயே, கார்டெக்ஸ்-எம்0, அது அந்த வரியிலேயே ஹார்ட் ஃபால்ட் ஆகி நிற்கும். கரையில் கருவேலமுள்ளுக்கு நடுவே நின்றுகொண்டு காரணம் தேடுவாய்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் காலத்து 8051 சிப்பில் உள்ளே இருந்த ரேம் 128 பைட். நகல் எடுக்க இடம் கிடையாது. வந்த இடத்திலேயே படித்தாக வேண்டும். அதோடு கெய்ல் சி51 கம்பைலர் பெரிய பைட்டை முதலில் வைக்கும். 1979-ல் மோடிகான் கம்பெனி கொண்டுவந்த மோட்பஸும் ரெஜிஸ்டரைப் பெரிய பைட் முதலாகத்தான் அனுப்பும். இரண்டும் தற்செயலாக ஒத்துப்போனதால் போர்த்திப் படித்தவர்களுக்கெல்லாம் சரியான விடை வந்தது. அடுத்து ஏஆர்எம் சிப் வந்தது, சின்ன பைட் முதலாக. அதே புரோகிராம், அதே ஸ்ட்ரக்ட், எண்கள் தலைகீழ். தற்செயலாகச் சரிவந்ததை ஒரு தலைமுறையே தொழில்நுட்பம் என்று கற்றுக்கொண்டிருந்தது, தாயி. அது உன்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைகளில் மீட்டர் வேலை பார்த்த நாட்களில், ஆலை பெயர் வேண்டாம், பேனலில் ஓர் எனர்ஜி மீட்டர் பழுதாகி வேறு மேக் மீட்டரை மாட்டினார்கள். மாட்டியதும் மானிட்டரில் வோல்டேஜ் 0.00. ஸ்பின்னிங் பக்கம் ஃபிரேம்கள் காது கிழிய ஓடிக்கொண்டிருக்கின்றன. நீளம் சரி, சிஆர்சி சரி, பிழைச் செய்தி எதுவும் இல்லை. நடந்தது இதுதான். 230.0 என்ற எண் ஃப்ளோட்டாக ஹெக்ஸில் 43 66 00 00. மோட்பஸ் 16 பிட் ரெஜிஸ்டருக்குத்தான் வரிசை சொல்கிறது. இரண்டு ரெஜிஸ்டரைச் சேர்த்தால் எது முதலில் என்று சொல்வதில்லை. புது மீட்டர் 00 00 43 66 என்று அனுப்பியது. அதை அப்படியே ஃப்ளோட்டாகப் படித்தால், புள்ளிக்குப் பின் நாற்பது பூஜ்ஜியம் தாண்டிய ஒரு துக்கடா எண். திரையில் 0.00. வயர்மேன் பழைய ஆள்; திரையை நம்பாமல் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். திரையை நம்புகிற ஆளாக இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்.

அதனால் என் வழக்கமான பல்லவியை உனக்கும் பாடிவிடுகிறேன்: ஒவ்வொரு பைட்டாகப் படி. நான்கு பைட்டையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் 32 பிட் குறியில்லா எண்ணாக மாற்றி, அதன்பிறகு நகர்த்தி, சேர். மாற்றாமல் 24 இடம் நகர்த்தினால், இன்ட் 16 பிட்டாக இருக்கும் ஏவிஆர் மாதிரிச் சிப்பில் மேல் பைட் போய்விடும். ஆறேழு வரி கூடுதலாக வரும், வரட்டும். எந்தச் சிப்பில் ஏற்றினாலும், எந்த முகவரியில் தொடங்கினாலும் அதே விடை வரும். வேகம் குறையும் என்று சொல்லாதே. கால் மணிக்கு ஒருமுறை வரும் செய்திக்கு வேகம் எதற்கு?

இரண்டாவது எரிச்சல்தான் பெரியது. சிஆர்சி தவறினாலும், செய்தி பாதியில் அறுந்தாலும் உன் டீகோடர் 0 திருப்பித் தருகிறது. பந்தல்குடிக்காரி இப்படி எழுதலாமா? ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் நம் கண்மாயில் தண்ணீர் நிற்கும். பொய்த்த வருஷம் தரை வெடித்துக் கிடக்கும். நல்ல வருஷத்திலேயே பங்குனி, சித்திரையில் பூஜ்ஜியம்தான் உண்மையான நீர்மட்டம். இந்தச் சீமையில் அடிக்கடி வரப்போகிற சரியான விடையே பூஜ்ஜியம். அதைக் கொண்டுபோய் ‘படிக்க முடியவில்லை’ என்பதற்கு அடையாளமாக வைத்தால், கண்மாய் வறண்டதா, ரேடியோ கெட்டதா என்று சொல்ல ஆள்தான் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். பிறகு கருவி எதற்கு?

விஷயம் தெரிந்தவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். ஃபின்லாந்துக்காரர் பெட்டெரி ஐமோனென் எழுதிய நானோபிபி, சின்னச் சிப்களில் புரோட்டோபஃப் செய்திகளைப் படிக்க அருமையான லைப்ரரி. நீயும் ஒருநாள் அதற்குப் போவாய். ஆனால் புரோட்டோபஃபின் புரோட்டோ3 வடிவில் சாதாரண எண் புலம் பூஜ்ஜியமாக இருந்தால் கம்பியில் அது அனுப்பப்படுவதே இல்லை. வராததும் பூஜ்ஜியமும் ஒன்றாகிவிட்டன. ‘ஆப்ஷனல்’ என்று எழுதி வித்தியாசம் காட்டும் வசதியைப் பிற்பாடு திரும்பக் கொண்டுவந்தார்கள். உன் நீர்மட்டப் புலத்துக்கு அதைப் போட மறக்காதே. ஸ்மார்ட் மீட்டர்களின் டிஎல்எம்எஸ் முறையில் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் வகையைச் சொல்லும் பைட் உண்டு. ‘தரவு இல்லை’ என்பதற்குத் தனி வகையே இருக்கிறது. கரண்ட் பில் போடுகிறவனுக்குப் பூஜ்ஜிய யூனிட்டும் படிக்காத மீட்டரும் வேறு வேறு என்று தெரியும்.

உன் ஃபங்ஷன் திருப்பித் தர வேண்டியது நீர்மட்டத்தை அல்ல, தீர்ப்பை: சரி, அறுந்தது, சிஆர்சி தவறு, வரம்பு மீறியது. மட்டத்தைத் தனி முகவரியில் எழுது, அதுவும் தீர்ப்பு ‘சரி’ என்றால் மட்டும். மறுக்கத் தெரியாத டீகோடரை நான் டீகோடர் என்றே சொல்ல மாட்டேன்.

இனி ஒரு பாராட்டு. பழைய அளவுகளின் பட்டியலைப் படிக்கும் இடத்தில், செய்தி சொல்லும் நீளத்தை ‘மிச்சம் இருக்கும் பைட்டைவிட அதிகமா?’ என்று கேட்டிருக்கிறாய். கழித்துப் பார்த்திருக்கிறாய், கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டி, தொகையை ஒரு பைட்டில் வைத்திருந்தால் 250-ம் 10-ம் சேர்ந்து 4 ஆகி, கள்ளச் செய்தி உள்ளே வந்திருக்கும். அந்த வரிக்காக உன்னை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. 2014-ல் உலகத்தையே கலக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டை, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் வந்தது. அனுப்பியவன் சொன்ன நீளத்தை நம்பி, கேட்டவனுக்கெல்லாம் ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை அள்ளிக் கொடுத்தது. அனுபவசாலிகள் விட்ட இடத்தில் நீ விடவில்லை. இவ்வளவு தெரிந்தவள் 0-ஐ ஏன் திருப்பித் தந்தாய் என்பதுதான் என் கோபமே.

அடுத்த பதிப்புக்கு இதைச் செய். சரியான 14 பைட் செய்தி ஒன்றை எடுத்துக்கொள். 0 பைட்டில் தொடங்கி 13 பைட் வரை வெட்டி வெட்டி டீகோடருக்குக் கொடு. அடுத்து அதன் 112 பிட்டில் ஒவ்வொன்றாகப் புரட்டிக் கொடு. சிஆர்சி இவற்றையெல்லாம் பிடித்துவிடும் என்று நிம்மதி அடையாதே. புரட்டியபின் சிஆர்சியைத் திரும்பக் கணக்கிட்டு ஒட்டி, இன்னொரு சுற்றுக் கொடு. கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், போர்டு வேண்டாம். எது மறுக்கப்பட்டது, எந்தக் காரணம் சொல்லி மறுத்தது, எது தப்பி உள்ளே போனது என்று பட்டியல் போடு. புரோகிராமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பட்டியலை அனுப்பு.

அன்புடன்,
உன் ஊர்க்காரன்