வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது ஏன்?



ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்வரை நம் அணி முன்னிலையில் இருக்கிறது. கடைசி நேரத்தில் எல்லாம் கைநழுவிப் போகிறது. மறுநாள் காலை தருமபுரி தேநீர்க் கடையானாலும் சரி, பாலக்கோடு தக்காளி மண்டியானாலும் சரி, பேச்சு ஒன்றுதான்: "பயிற்சியாளர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவரை மாற்றினால்தான் உருப்படும்!" ஒருவர் "தடுத்து ஆடியிருக்க வேண்டும்" என்பார். அடுத்தவர் "தடுத்து ஆடியதால்தான் தோற்றோம்" என்பார்.

இந்த வாதத்தை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. வந்த லாபம் கைநழுவிய நாளில் நம் கடைகளிலும் இதே வாதம்தான் நடக்கிறது. அங்கே பயிற்சியாளர், இங்கே கணக்குப்பிள்ளை, கடைப் பையன் அல்லது கடையைப் பார்த்துக்கொண்ட மகன். ஆகவே, நாடறிந்த சில ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, முன்னிலை ஏன் நழுவுகிறது, நழுவியபின் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. சிட்னியில் நடந்தது

2000-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிட்னி ஒலிம்பிக் ஹாக்கிப் போட்டி. இந்திய அணி தன் பிரிவின் கடைசி ஆட்டத்தில் போலந்தைச் சந்தித்தது. வென்றால் அரையிறுதி. அக்காலத்தில் ஒரு ஹாக்கி ஆட்டம் 70 நிமிடம். இரண்டாம் பாதியில் பல்ஜித் சிங் தில்லான் கோல் போட்டு இந்தியாவை 1–0 என முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது போலந்து ஒரு கோல் போட்டது. 1–1. அரையிறுதி வாய்ப்பு போயிற்று. இந்தியாவுக்குப் பதிலாக அரையிறுதிக்குச் சென்ற தென் கொரியா வெள்ளிப் பதக்கம் வரை போனது. இந்தியா 7-ஆம் இடத்தோடு திரும்பியது.

அப்போது இந்தியாவின் பயிற்சியாளர் வி. பாஸ்கரன். ஆரணியில் பிறந்தவர், நம் தமிழகத்துக்காரர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவரும் அவரே.

அந்த மாஸ்கோ இறுதி ஆட்டத்தையும் சற்று நினைத்துப் பார்ப்போம். இந்தியா ஸ்பெயினை எதிர்த்து 3–0 என்று முன்னிலை பெற்றது. பிறகு ஸ்பெயின் திருப்பி அடிக்கத் தொடங்கியது. ஹுவான் அமாத் என்ற ஒருவரே அந்த அணிக்கு மூன்று கோல் போட்டார். முடிவில் இந்தியா 4–3 என்று ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பியது.

மாஸ்கோவிலும் முன்னிலை கரைந்தது. சிட்னியிலும் முன்னிலை கரைந்தது. ஒன்றில் ஒரு கோல் மிச்சம் இருந்தது, மற்றொன்றில் இல்லை. முதல் முடிவுக்காக அவரை வீரர் என்று கொண்டாடி, இரண்டாவது முடிவுக்காக அறியாதவர் என்று ஏசினால், நாம் மனிதரை எடை போடவில்லை. முடிவை மட்டுமே எடை போடுகிறோம். கணக்குத் தெரிந்த வணிகர் இப்படித் தராசு பிடிக்கக் கூடாது.

2. ஆளை மாற்றினால் போதுமா?

"பயிற்சியாளரை மாற்று" என்ற கோரிக்கைக்கு இந்திய ஹாக்கியின் வரலாறே பதில் சொல்கிறது. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா தங்கம் வென்றது. வென்று தந்த பயிற்சியாளர் எம்.கே. கௌசிக் அதன் பிறகு மாற்றப்பட்டார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது ராஜிந்தர் சிங் நீக்கப்பட்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவர் அமர்த்தப்பட்டார். பலன், மறுபடியும் 7-ஆம் இடம். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதியே பெறவில்லை. 1928 முதல் அதுவரை அப்படி நேர்ந்ததே இல்லை. 2012 லண்டனில் இன்னொரு வெளிநாட்டுப் பயிற்சியாளரின் கீழ் 12 அணிகளில் 12-ஆம் இடம்.

ஆள் மாறிக்கொண்டே இருந்தார், நிலைமை மாறவில்லை. கல்லாவில் பணம் குறைகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு பையனை மாற்றும் கடைகளை நாம் அறிவோம். எட்டாவது பையன் வந்த பிறகும் பணம் குறைகிறது என்றால் குறை பையனிடம் இல்லை. மாலையில் கல்லாவையும் சிட்டையையும் ஒத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை என்பதே பொருள்.

3. சேப்பாக்கம்: ஒரே தூண்

1999 ஜனவரி 31. சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் நாள். இந்தியாவின் இலக்கு 271 ரன். 82 ரன்னுக்கு 5 விக்கெட் போயிற்று. அங்கிருந்து சச்சின் டெண்டுல்கர், நயன் மோங்கியாவுடன் சேர்ந்து அணியைத் தூக்கி நிறுத்தினார். முதுகு வலியோடு ஆடி 136 ரன் எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 254. தேவை 17 ரன். கையில் 3 விக்கெட். அந்த மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்தன. இந்தியா 258-இல் சுருண்டு 12 ரன்னில் தோற்றது. வென்ற பாகிஸ்தான் அணியைச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டிப் பாராட்டியது உலகம் மெச்சிய செய்தி.

"டெண்டுல்கர் ஏன் தூக்கி அடித்தார்?" என்பதுதான் அன்று முதல் நடக்கும் வாதம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. 254 ரன் வரை ஒருவரையே நம்பி வந்த அணியில், அவர் போன பிறகு 17 ரன் எடுப்பதற்கு யார் தயாராக இருந்தார்கள்?

நம் கடைகளில் பெரும்பாலானவை ஒரே தூணில் நிற்பவை. கொள்முதல் விலை முதலாளியின் மனதில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் பத்து நாள் மருத்துவமனையில் படுத்தால், மொத்த வியாபாரிக்கு என்ன தர வேண்டும், யாரிடம் என்ன வர வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இருபது வருட உழைப்பின் முன்னிலை பத்து நாளில் கரையும்.

4. அமெரிக்காவில் ஒரு பாடம்: முதலை எடு

அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டத்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டும் ஓடலாம், எறியவும் செய்யலாம். 2017 பிப்ரவரி 5 அன்று ஹூஸ்டன் நகரில் நடந்த அதன் இறுதி ஆட்டத்தில் அட்லாண்டா அணி 28–3 என்று முன்னிலை பெற்றிருந்தது. நியூ இங்கிலாந்து அணி மெல்ல மெல்ல 20 புள்ளிக்கு வந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது அட்லாண்டா, கம்பத்துக்குள் உதைக்கக்கூடிய தூரத்தில் பந்தோடு நின்றது. பந்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நேரத்தைக் கழித்துவிட்டு, கம்பத்துக்குள் உதைத்தால் 3 புள்ளி கிடைத்து 31–20 ஆகியிருக்கும். எதிரணி அதைத் தாண்ட இரண்டு முறை புள்ளி எடுக்க வேண்டியிருக்கும். அட்லாண்டாவோ பந்தை எறிய முயன்றது. எறிபவர் மடக்கப்பட்டார், அணி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அடுத்து ஒரு விதிமீறலால் இன்னும் பின்னுக்குப் போயிற்று. உதைக்கும் தூரமும் கைவிட்டுப் போனது. கூடுதல் நேரத்தில் நியூ இங்கிலாந்து 34–28 என்று வென்றது. பயிற்சியாளர்கள் ஏன் எறியச் சொன்னார்கள் என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை.

இதை நம் புளி வியாபாரத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் மாசியில் மூட்டை 4,000 ரூபாய் வீதம் 100 மூட்டை புளி வாங்கிக் கிடங்கில் வைத்தார் என்று கொள்வோம். முதலீடு 4,00,000 ரூபாய். விலை 5,000 ஆகிறது. கணக்கில் ஒரு லட்சம் லாபம். ஆனால் அது கணக்கில்தான், கல்லாவில் இல்லை. "6,000 ஆகட்டும்" என்று நூறையும் வைத்திருந்தால், விலை 3,500-க்கு இறங்கும் நாளில் லாபமும் போய் முதலிலும் 50,000 கரையும். 5,000 விலையில் 80 மூட்டையை விற்றால் முதல் 4,00,000 கைக்கு வந்துவிடும். கிடங்கு வாடகைக்கும் கூலிக்கும் இன்னும் சில மூட்டை. எஞ்சிய சுமார் 15 மூட்டைக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் தூக்கம் கெடாது. விலை மேலும் ஏறினால் "அவசரப்பட்டு விற்றுவிட்டீர்கள்" என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். முடிவு தெரிந்த பிறகு யோசனை சொல்வது எவருக்கும் எளிது.

5. கடைசி ஆறு நொடி

இப்போது முன்னிலையைக் காத்த கதை. சிட்னிக்குப் பின் 21 ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் வெண்கலப் பதக்க ஆட்டம். ஜெர்மனிக்கு எதிராக 1–3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 5–3 என்று முன்னேறியது. ஜெர்மனி ஒன்றைத் திருப்பி 5–4 ஆக்கியது. ஆறு நொடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். சிட்னி மறுபடியும் நடக்கப் போகிறதோ என்று நாடே மூச்சைப் பிடித்தது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் பந்தைத் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்குப் பதக்கம்.

பெனால்டி கார்னரைத் தடுக்கக் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேருக்கு மட்டுமே அனுமதி. அடிப்பவரை நோக்கி முதலில் பாய்வது யார், கோல் கம்பத்தோரம் நிற்பது யார் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துப் பழகியவை. ஆறு நொடியில் யோசிக்க நேரம் இல்லை. பழகியதைத்தான் செய்ய முடியும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அதே டோக்கியோவில் பிரிவு ஆட்டம் ஒன்றில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 1–7 என்று தோற்றது. 2019-இல் பொறுப்பேற்ற பயிற்சியாளர் கிரகாம் ரீட் மாற்றப்படவில்லை. அடுத்த நான்கு ஆட்டங்களை அணி வென்றது.

அப்படியானால் ஆளை மாற்றவே கூடாதா? அப்படியும் இல்லை. 2023 உலகக் கோப்பையில் இந்தியா 9-ஆம் இடம் பெற்றபின் ரீட் விலகினார். கிரெய்க் ஃபுல்டன் வந்தார். 2024 பாரிசில் ஸ்பெயினை 2–1 என்று வென்று மீண்டும் வெண்கலம். ஆள் மாறினாலும் பழக்கிய அணியும் ஏற்பாடும் அப்படியே இருந்ததால் முன்னிலையைக் காக்க முடிந்தது.

6. நம் கடைக்கு

மளிகைக் கடையின் கடைசி இரண்டு நிமிடம் எது? சரக்கு விற்றபின் பணம் கைக்கு வரும்வரை உள்ள காலம். நூறு ரூபாய் விற்பனையில் 8 ரூபாய் நிற்கும் சரக்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் விற்றால் லாபம் 8,000. ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் 8,000 ரூபாய் பாக்கி முழுகினால் அந்த லட்சம் ரூபாய் வியாபாரத்தில் நாம் உழைத்தது வீண். அதை ஈடுகட்ட இன்னொரு லட்சத்துக்கு விற்க வேண்டும். தீபாவளி வியாபாரம் ஓகோ என்று நடந்தது என்போம். கார்த்திகையில் சரக்கு வாங்கப் பணம் இருக்காது. தாழி உடைந்த இடம் அதுதான்.

ஆகவே, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் உச்சவரம்பை முன்கூட்டியே பேரேட்டில் எழுதி வையுங்கள். கூட்ட நேரத்தில் கடைப் பையனுக்கு யோசிக்க நேரம் இல்லை. எழுதியிருந்தால் "முதலாளி இதுவரைதான் எழுதியிருக்கிறார், அண்ணா" என்று அவன் மரியாதையோடு சொல்லிவிடுவான். எழுதாமல் விட்டுவிட்டு, பாக்கி முழுகியபின் அவனைத் திட்டுவது ரசிகர் பேச்சு.

இழப்பு நேர்ந்த நாளில் யாரையும் குறை சொல்லும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

அ. முடிவெடுத்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது? இன்று நமக்குத் தெரிவதை வைத்து நேற்றைய முடிவை எடை போடக் கூடாது.

ஆ. அந்த நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் முன்பே சொல்லியிருந்தோமா? சொல்லவில்லை என்றால் பொறுப்பு நம்முடையது.

இ. சொல்லியும் இதே தவறு திரும்பத் திரும்ப நடந்ததா? ஒரு முறை என்றால் திருத்துங்கள். திரும்பத் திரும்ப என்றால் ஆளை மாற்றுவதில் தவறில்லை.

இதே கேள்விகளை லாபம் வந்த நாளிலும் கேட்க வேண்டும். அதிர்ஷ்டத்தால் விலை ஏறி வந்த லாபத்தைத் திறமை என்று நம்பியவர்தான் அடுத்த பருவத்தில் இரு மடங்கு சரக்கைப் பிடித்து அகப்பட்டுக்கொள்கிறார்.

பயிற்சிக்கு:

1. நீங்கள் பத்து நாள் கடைக்கு வராவிட்டால், கொள்முதல் விலையும் பாக்கிப் பட்டியலும் வேறு யாருக்குத் தெரியும்?

2. உங்கள் கிடங்கில் உள்ள சரக்கில் எத்தனை மூட்டை விற்றால் போட்ட முதல் திரும்பும்? எண்ணிக்கையை எழுதி வையுங்கள்.

3. 8,000 ரூபாய்க்கு மேல் பாக்கி உள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறீர்கள்?

இம்மூன்றுக்கும் இன்று மாலை கடை அடைக்கும் முன் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் விடை எழுதிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.