பயிற்சி இணையப்பக்கம்: சக பயிலுநரிடம் கருத்துக் கேட்பது எப்படி?

இந்தப் பாடம், தோட்டத்துக்குத் திரும்பியிருக்கும் குடும்பங்களில் இணையப்பக்க வடிவமைப்புப் படிக்கும் இளைஞர், யுவதிகளுக்கானது. பெற்றோரும் வாசியுங்கள். உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பலருடைய படிப்பு பாதியில் நின்றது. அன்று பக்கத்தில் இருந்து படித்த நண்பர் இன்று வேறு டிவிசனில் இருக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் இலவச இணையவழிப் பாடங்களை வீட்டிலிருந்தே தொடர முடியும். ஆனால் செய்த வேலையைப் பார்த்துச் சொல்ல ஆளைத் தேடிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பயிற்சி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடியதை பதுளை மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. ஆகவே உங்கள் பயிற்சிக்கு மண்சரிவு எச்சரிக்கை நிலைகளை விளக்கும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் மழை அளவுகள் இவை:

• 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள்.
• 100 மி.மீ. தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாகுங்கள்.
• 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் சிவப்பு: வெளியேறுங்கள்.

இந்த மூன்று வரிகளை ஒருவர் தவறாக வாசித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறர் கண்ணில் காட்டிச் சரிபார்ப்பது ஏன் தேவை என்பது விளங்கும்.

உங்கள் கண்ணுக்குத் தெரியாத மூன்று பிழைகள்

1. எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்தால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும். பாமினி இல்லாத நண்பரின் கைத்தொலைபேசியில் அதே வரி பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யுனிகோட்டில் எழுதுங்கள்.

2. நிறம். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வெயிலில் தெரியாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. நிறத்தால் மட்டும் செய்தி சொல்லக்கூடாது என்றும் சொல்கிறது. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நிறத்துடன் "வெளியேறுங்கள்" என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

3. படத்தின் அளவு. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அப்படியே போட்டால், சிக்னல் குறைந்த மலைப்பக்கத்தில் பக்கம் திறக்க நேரமெடுக்கும். படத்தைச் சுருக்கிப் போடுங்கள்.

கேட்கும் முறை

இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்களைப் போலப் படிப்பவர். மற்றவர் கணினி படிக்காதவர்: அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, யாராகவும் இருக்கலாம்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள்: "நேற்று முதல் 110 மி.மீ. மழை பெய்திருக்கிறது. நாம் என்ன செய்ய வேண்டும்? இதில் பார்த்துச் சொல்லுங்கள்." சரியான பதில் செம்மஞ்சள் நிலை.

பிறகு பேசாமல் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லை இரண்டு முறை வாசிக்கிறார் என்று கொப்பியில் குறியுங்கள். இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். மழை நாளில் அந்தப் பக்கத்தை ஒருவர் திறக்கும்போது விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

கருத்துச் சொல்லும் முறை

பெற்றோரே, நண்பர்களே, நீங்கள் மூன்று விடயங்களைச் சொன்னால் போதும்: எங்கே, என்ன நடந்தது, எப்படி இருந்தால் உதவும்.

"டிசைன் சரியில்லை" என்பதைக் கேட்டு ஒருவர் எதையும் திருத்த முடியாது. "110ஐத் தேடினேன், 75 என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். 75 முதல் 100 வரை என்று எழுதினால் எனக்குப் புரியும்" என்று சொன்னால் உடனே திருத்தலாம். குறையைப் பக்கத்தின் மேல் சொல்லுங்கள், பிள்ளையின் மேல் சொல்லாதீர்கள்.

கருத்துக் கேட்பவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அதை முதலில் திருத்துங்கள். ஒருவருக்கு மட்டும் பிடிக்காத நிறத்தைப் பிறகு பார்க்கலாம். திருத்திய பின் புதிதாக ஒருவரிடம் காட்டுங்கள். முன்பு பார்த்தவருக்குப் பதில் ஏற்கனவே தெரியும்.

கவனிக்க வேண்டியவை

• பக்கத்தின் மேலே "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதுங்கள். உண்மையான எச்சரிக்கை என்று எண்ணி யாரும் பகிரக்கூடாது.
• குடும்பத்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகாமில் எடுத்த படம் எதையும் சேர்க்காதீர்கள்.
• உண்மையான அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

மேலே உள்ள மூன்று நிலைகளையும் ஒரே பக்கத்தில் அமையுங்கள். இருவரிடம் காட்டி, குறித்தவற்றில் இரண்டைத் திருத்துங்கள். கணினி இல்லாதவர்கள் கொப்பித் தாளில் வரைந்து காட்டலாம். 110 மி.மீ. கேள்வியைத் தாளை வைத்தும் கேட்கலாம்.