பழைய படம், புதிய நட்டம்

எங்கள் கடையில் நீர்ப்பம்பி வாங்குவோருக்காக இணையத்தில் உதவிப் பக்கங்கள் வைத்திருக்கிறோம். வயர் இணைப்பு முதல் சிறு பழுது வரை எல்லாம் படத்துடன். புதிய மாடலில் இணைப்புப் பெட்டி மாறியது. நான் ஒரு பக்கத்தில் மட்டும் படத்தை மாற்றினேன். வேறு இரண்டு பக்கங்களிலும் பழையதே கிடந்தது. அதைப் பார்த்து இணைத்தவரின் மோட்டார் எரிந்தது. வேறு பம்பி கொடுத்தேன், பிழை என்னுடையதுதானே.

ஆத்திரத்தில் பழைய படத்தை அழித்தேன். அந்த இரு பக்கங்களிலும் படமிருந்த இடம் வெறுமையாயிற்று! அதே பெயரில் புதிய படத்தை ஏற்றினால் எல்லாப் பக்கங்களும் ஒரேயடியாகத் திருந்தும் என்று மகன் காட்டித் தந்தான். ஆனால் முன்பு பார்த்தவரின் கணினி பழைய பிரதியையே சில நாள் காட்டக்கூடும். ஆகவே மின்சாரம் போன்ற ஆபத்தான விடயமென்றால் புதிய பெயரில் ஏற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றிய பிறகே பழையதை அழியுங்கள்.

கமெரா போடும் இலக்கத்தைப் பெயராக விடாதீர்கள், பிறகு தேடிப் பிடிக்க முடியாது. மாடல் இலக்கத்தைப் பெயரில் சேருங்கள். எழுத்துள்ள வரைபடமானால் பிஎன்ஜி நல்லது. ஜேபெக்கில் எழுத்தின் ஓரம் மங்கும். எந்தப் படம் எந்தப் பக்கத்தில் என்பதை இப்போது கடன் கொப்பிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.