கொழுந்தும் குழந்தையும்

மாலை 4 மணி ஆனதும் நம் விடுதியில் தேநீர் வேண்டும். அதன் விலை நமக்குத் தெரியும். அதற்குப் பின்னுள்ள கூலி தெரியுமா? தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலார் பெண்கள். மூணாறு, வால்பாறை, நீலகிரி மலைகளில் அவர்களுள் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் உள்ள உரிமைகள் யாவை, அவை எதனைப் பற்றி நிற்கின்றன என்று இங்கே ஆராய்வோம்.

முதலில் செடியின் இயல்பை அறிதல் வேண்டும். நல்ல தேயிலைக்கு வேண்டுவது இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒரு முறை பறித்தால் 7 முதல் 14 நாட்களில் மறு கொழுந்து பறிக்கத் தக்கதாகிறது. நாள் கடந்தால் முற்றிவிடும். ஆதலின் மழையாயினும் பனியாயினும் வேலை நிற்பதில்லை. இதனாலேயே பழைய தோட்ட முதலாளிகள் கங்காணிகளை அனுப்பி, தனி ஆட்களை மட்டுமன்றிக் குடும்பங்களையே மலைக்கு வரவழைத்தனர். தாய் மலைச் சரிவில் நிற்கும்போது கைக்குழந்தையை யார் பார்ப்பது?

இவ்வினாவுக்கு விடை காண முயன்றது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்யுமாறு பணிக்க வழி வகுத்தது. வீட்டையும் மருத்துவத்தையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார மகப்பேற்று விடுப்பு அளித்தது. 2017-இல் அது முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பாலூட்டத் தாய்க்கு நாளுக்கு இருமுறை இடைவேளை உண்டு. 1976-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்பது சட்டமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. காப்பகம், கல்வி, வீடு, மருத்துவம், மகப்பேற்று விடுப்பு ஆகியவை அவற்றிலும் இடம்பெற்றுள்ளன.

இப்பட்டியலைப் படித்தால் உள்ளம் மகிழும். ஆயினும் ஒன்றை நோக்குங்கள். நகரத்துக் குழந்தைக்கு வீடு ஒருவரிடம், மருத்துவம் மற்றொருவரிடம். தோட்டத்துக் குழந்தைக்கோ வீடு, காப்பகம், மருத்துவமனை யாவும் ஒரே கையில் உள்ளன. தாய்க்குக் கூலி கொடுப்பதும் அதே கைதான்! வேலை போனால் லயத்து வீடும் போகும். எனவே, காப்பகத்தில் பால் ஏன் குறைந்தது என்று கேட்க எண்ணும் தாய், முதலில் தன் தலைக்கு மேலுள்ள கூரையை நினைக்க வேண்டியவளாகிறாள். மகப்பேற்று விடுப்புக்கும் முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருத்தல் வேண்டும். வேலைநாள் ஒழுங்காகப் பதியப்படாத தற்காலிகத் தொழிலாளி அதனை எவ்வாறு மெய்ப்பிப்பாள்? ஆகவே, குழந்தையின் உரிமை தாயின் அச்சமின்மையைப் பற்றியே நிற்கிறது.

அந்த அச்சத்தை உதறியவர்கள் மூணாற்றுப் பெண்கள். 2015 செப்டம்பரில் 20 விழுக்காடு போனசும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்துதலும் கேட்டு ஆயிரக்கணக்கானோர் சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். சங்கங்களின் ஆண் தலைவர்களை அருகில் விடவில்லை. 9 நாளில் 20 விழுக்காடு கிடைத்தது. அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாயிற்று.

அன்றைய கூலியை நாமும் கணக்கிடுவோம். ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு 21 கிலோ. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். கோப்பைக்கு 2 கிராம் எனக் கொண்டால், 21 கிலோவில் 2,300 கோப்பைக்குமேல் தேநீர் ஆகும். அத்தனை கோப்பைக்கும் கொழுந்து பறித்தவளுக்குக் கிடைத்தது 232 ரூபாய்.

தேயிலைக்கு விலையில்லை, நலச் செலவைத் தாங்க இயலவில்லை என்று தோட்ட உரிமையாளர் கூறுவர். அது முற்றும் பொய்யன்று. ஆனால் அதற்குத் தீர்வு காப்பகத்தில் செலவைக் குறைப்பதன்று. வீட்டையும் மருத்துவத்தையும் அரசு ஏற்று, வேலையிலிருந்து அவற்றைப் பிரித்தல் வேண்டும். வேலை நாட்கள் எழுதிய சீட்டு ஒவ்வொரு பெண்ணின் கையிலும் இருத்தல் வேண்டும். சங்கத்தில் சந்தா கட்டும் பெண்களுக்கு அதன் பொறுப்புகளிலும் இடம் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த குடும்பங்களில் பிறந்தவர் நம்மிற் பலர்; மொழி தெரியாத அலுவலகத்தில் நிற்பதன் துன்பம் நமக்குப் புதிதன்று. இன்று தென்னாட்டுத் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. புதிய சட்டத்தில் தாய்க்கும் சேய்க்கும் உரிய பகுதிகளை எளிய தமிழிலும் இந்தியிலும் நான்கு பக்கச் சிறு நூலாக எழுதலாம். இரு மொழியும் அறிந்தோர் நம் சங்கத்தில் உள்ளனர். விடுமுறையில் மலையூர்களுக்குச் செல்வோரும் உள்ளனர். அடுத்த கூட்டத்திலேயே இப்பணியைத் தொடங்கலாமே!