ஸ்டியரிங் இறுகுதா? ஐட்லிங்கையும் சேர்த்துப் பாருங்க

தம்பிமாருக்கும், வீட்டுக் கெப்பை ஓட்டிப் பழகுற தங்கச்சிமாருக்கும் அக்கா சொல்றேன். டிக்கோயாவுல மரக்கறி மூட்டை ஹட்டனுக்குப் போறதும் பழைய கெப்புலதான், ராத்திரியில நோயாளியைக் கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுறதும் அதுலதான். 2020 மார்ச்சில நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க. திறந்தும், வரியோட சேர்ந்த விலை நம்ம கைக்கு எட்டல. இருக்கிற வண்டியைத்தான் பேணணும்.

ஸ்டியரிங் டைட்டுன்னு ஒரு கராஜ், ஐட்லிங் நிக்கலன்னு இன்னொரு கராஜ்னு அலையாதீங்க. பவர் ஸ்டியரிங் பம்பைப் பெல்ட் போட்டுச் சுத்துறதே எஞ்ஜின்தான். முழுசா ஒடிக்கும்போது பம்போட பாரம் எஞ்ஜின்ல விழுது. ஐட்லிங் ஏற்கனவே குறைவா இருந்தா அங்கேயே நின்னுடும். இறக்கத்து வளைவுல எஞ்ஜின் நின்னா ஸ்டியரிங் இறுகும், ரெண்டு மூணு மிதியில பிரேக்கும் இறுகிடும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு இறக்கத்துல எஞ்ஜினை ஓஃப் பண்ணி உருட்டுறவங்க இதைக் கட்டாயம் யோசிக்கணும்.

பம்பைக் கழட்டச் சொல்றதுக்கு முன்னால டயர் காத்தைப் பாருங்க. முன் டயர்ல காத்து குறைஞ்சாலே வண்டி லேசாத் திரும்பாது. அடுத்தது ஸ்டியரிங் ஒயில். எஞ்ஜின் ஆறினப்புறம் டப்பா மூடியைத் திறங்க. தெளிஞ்ச சிவப்பா இருந்தா நல்லது. கறுத்துக் கருகல் வாசம் அடிச்சா மாத்தணும். நுரைச்சிருந்தா காத்து ஏறியிருக்கு. பழைய டொயோட்டாவுக்கு டெக்ஸ்ரோன் வகை ஏ.டி.எஃப். ஒயில். அவசரத்துக்குக்கூட பிரேக் ஒயில் ஊத்தாதீங்க, சீல் எல்லாம் ஊதிப் போயிடும்.

இனி சோதனை. சமதரையில நிறுத்தி, நியூட்ரல்ல விட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கல் வைங்க. முந்தானையோ சால்வையோ பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு உடனே விடுங்க. பத்து செக்கன் தாண்டிப் பிடிச்சா பம்ப் சூடேறிக் கெடும். எஞ்ஜின் சத்தம் லேசா இறங்கித் திரும்ப ஏறினா ஒண்ணும் பயமில்ல. கீச்சுன்னு கத்தினா பெல்ட் வழுக்குது. மழை நாள்ல காலையில ஒரு நிமிஷம் கத்தி ஓஞ்சா விடலாம், தொடர்ந்தா இழுத்துக் கட்டணும். உறுமினா ஒயில் குறைவு, இல்லாட்டி காத்து. ரேஸ் பண்ணினா லேசாகி, விட்டா இறுகுதுன்னா பெல்ட்டும் ஐட்லிங்கும் சரியான்னு பார்த்த பிறகே பம்பைச் சந்தேகப்படுங்க.

பழைய பெற்றோல் கெப்புல ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். ஒடிக்கும்போது ஐட்லிங்கைத் தூக்கிக் கொடுக்க, சில பம்புல ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து எஞ்ஜினுக்குப் போற மெல்லிய ஹோஸும் இருக்கும். வால்வு பழுதானா அந்த ஹோஸ் வழியா ஸ்டியரிங் ஒயிலை எஞ்ஜின் உறிஞ்சும். தரையில ஒரு சொட்டுக்கூட இருக்காது, ஆனா டப்பா குறைஞ்சுக்கிட்டே வரும், வெள்ளைப் புகை வரும், ஐட்லிங் தடுமாறும். எஞ்ஜினை நிறுத்தி, ஹோஸை உருவி உள்ளே பாருங்க. சிவப்பா ஈரம் தெரிஞ்சா ஆள் அகப்பட்டான். மாத்த வேண்டியது வால்வை. முழுப் பம்பை இல்ல.

டீசல்னா எரிபொருள் பில்டர் அடியில தேங்கின தண்ணியைத் திறந்து விடுங்க. மேலே இருக்கிற கைப் பம்பை இறுகுற வரைக்கும் அமுக்குங்க. மறுநாள் காலையில திரும்ப லொடலொடன்னு இருந்தா லைன்ல எங்கயோ காத்து இழுக்குது. ஐட்லிங் ஏறி இறங்குறது அதனாலதான்.

காபரேட்டரைக் கொழும்புல டியூன் பண்ணிட்டு வராதீங்க. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம், காத்து பத்துல ஒரு பங்குக்கு மேல மெலிசு. அங்கே சரியா இருந்த பெற்றோல் இங்கே கூடிப்போய் பிளக் கரி பிடிக்கும். இங்கேயே செட் பண்ணச் சொல்லுங்க.

கராஜ்ல காரணம் தேடாம ஐட்லிங் ஸ்க்ரூவை மட்டும் ஏத்தி விட்டா ஒத்துக்காதீங்க. நோய் மறையும், எண்ணெய்ச் செலவு கூடும், இறக்கத்துல வண்டி தள்ளும். எப்போ இறுகுது, சூட்டுலயா குளிர்லயா, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, நின்னுக்கிட்டா ஓடும்போதான்னு ஒரு தாள்ல எழுதிக் கொண்டுபோய் பாஸ்கிட்ட கொடுங்க.